பெயர் வரும் முன்னே

ஜப்பானிய எழுத்தில் மூன்றே குறிகள். முதலாவதற்குப் பொருள் 'பெரிய'. இரண்டாவது 'பனித்துளி'. மூன்றாவது 'மெல்லிய பட்டுவலை'. ஓர் ஆளுக்கு, அதுவும் ஒரு மல்லனுக்கு, 'பெரிய பனித்துளிப் பட்டுவலை' என்று யார் பெயர் வைப்பார்கள்? வாய்விட்டுப் படித்தால் புதிர் அவிழ்ந்துவிடும்: ஓரோரா. வடதுருவத்து வானில் பச்சையாக ஆடும் அரோரா ஒளியை ஜப்பானியர் சொல்லும் விதம் அது. நடுவில் உட்கார்ந்திருக்கும் பனித்துளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரஷ்யா என்ற பெயரை அவர்கள் ஒலிக்கு ஒலி குறி கோத்து எழுதியபோது முதல் குறியாக வைத்தது இந்தப் பனித்துளியைத்தான். ரஷ்ய-ஜப்பானியப் போரின் ஜப்பானியப் பெயரில் ரஷ்யாவுக்காக நிற்பதும் இதுவே. ஆக, வானத்து ஒளிக்குள் ஒரு நாட்டையும் மடித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயரைச் சுமந்தவர் பைக்கால் ஏரிக்குக் கிழக்கே புர்யாத்தியாவிலிருந்து பதினாறு வயதில் வந்த அனதோலி மிகாகனோவ். 2000 மார்ச்சில் தொழில்முறை சுமோவில் சேர்ந்தார், 2018 செப்டம்பரோடு விலகினார். 292.6 கிலோ எடை. சுமோ வரலாற்றிலேயே அதிகம். ஹவாயிலிருந்து வந்த மாமலை கொனிஷிகியையும் இவர் எடையில் தாண்டிவிட்டார். ஆனால் பதவியில்? பதினெட்டு ஆண்டில் அவர் ஏறிய உயரம் மகுஷிதாப் பிரிவின் 43ஆம் இடம். மாதச் சம்பளம் என்ற ஒன்று தொடங்குவதே மகுஷிதாவுக்கு அடுத்த படியில்தான்.

சுமோ பார்ப்பவர்கள் இவரைப் போன்றவர்களைப் பற்றி ஒரு கேள்வியை விடாமல் கேட்பார்கள். ஊர்விட்டு, மொழிவிட்டு வந்தவர், மேலே போக மாட்டார் என்று ஊருக்கே தெரிந்த பிறகும் ஏன் இருக்கிறார்? காசு, பழக்கம், பிடிவாதம் என்று பதில்கள் வரும். எனக்கு அந்தப் பதில்களைவிட, அவர் பெயரைக் குறிக்கும் சொல்லிலிருந்து தொடங்குவது பயனுள்ளதாகத் தோன்றுகிறது. மல்லர் பெயருக்கு ஜப்பானியத்தில் 'ஷிகோனா' என்று பெயர்.

'நா' என்றால் பெயர். அதில் சிக்கல் இல்லை. 'ஷிகோ'தான் வழுக்குகிறது. இன்று அதை எழுதும்போது 'நான்கு', 'தொடை' என்று இரண்டு குறி போடுகிறார்கள். மல்லர்கள் ஒரு காலைப் பக்கவாட்டில் உயரத் தூக்கி, கோதாவின் மண்ணில் ஓங்கி மிதிக்கிறார்களே, அந்த மிதிக்கும் ஷிகோ என்றே பெயர். அதையும் இதே இரு குறிகளால்தான் எழுதுகிறார்கள். எனவே 'மிதிக்கிறவன் பெயர்' என்று பொருள் சொல்லிவிட்டுப் போகத் தோன்றும். அது எழுத்து காட்டும் பொய்வழி. ஒலியைப் பிடித்து, பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் குறி போடும் பழக்கம் ஜப்பானியத்துக்கு உண்டு. நான்கு தொடை அப்படி ஒட்டவைத்தது. மிதிப்பவனுக்கு ஏது நான்கு தொடை?

பழைய எழுத்துமுறையில் ஷிகோனாவின் முதற்குறி வேறு. 'அருவருப்பான', 'விகாரமான' என்று பொருள்படும் குறி. அதாவது விகாரப்பெயர். பழைய ஜப்பானியத்தில் 'ஷிகோ' வெறும் வசைச்சொல்லாக மட்டும் இருக்கவில்லை. பார்த்தால் அச்சம் தரும் முரட்டு வலிமையையும் அது குறித்தது. 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகி என்னும் நூலில் ஓகுனினுஷி என்ற தெய்வத்துக்குப் பல பெயர்கள் உண்டு. அவற்றில் ஒன்று அஷிஹாரா ஷிகோஓ. 'நாணல்வெளியின் விகாரன்' என்று நேராகப் பெயர்த்தால் தெய்வக்குற்றம் ஆகும். 'நாணல்வெளியின் முரடன், வலியன்' என்பதே அங்கே பொருள். அதே சொல்லைத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளவும் பயன்படுத்தினார்கள். நாம் 'அடியேன்' என்று சொல்வதுபோல. ஆகவே ஷிகோனா என்ற சொல்லுக்குள் இரண்டு குரல் கேட்கிறது. ஒன்று, 'என்னைக் கண்டு நடுங்கு.' மற்றொன்று, 'இது ஒன்றுக்கும் உதவாத என் பெயர்.' மல்லனின் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா என்று தெரியவில்லை. தரவரிசைப் பட்டியலின் அடியில் கிடக்கும் மல்லனுக்கு இன்னும் பொருத்தம்.

எடோ காலத்து மல்லர்கள் மலையையும் ஆற்றையும் காற்றையும் பெயராக்கிக்கொண்டார்கள். தனிகாஸே என்றால் பள்ளத்தாக்குக் காற்று. ரைதேன் என்றால் இடிமின்னல். யாமா (மலை), காவா (ஆறு), உமி (கடல்) என்று முடியும் பெயர்கள் இன்றுவரை ஓயவில்லை. சொந்த ஊரின் மலை பெயரில் ஏறுவது வழக்கம். மெய்ஜி காலத்தில் புதுமை மோகம் வந்தபோது பெயர்களுக்கும் அது தொற்றியது. 'மோட்டார் வண்டி வேகக்காரன்' என்று பொருள்படும் ஜிதோஷா ஹயதாரோ என்றொருவர் இருந்தார். சுமோவைப் பற்றி நாம் வைத்திருக்கும் கோயில் மணியோசைக் கற்பனையைக் கலைக்க இந்த ஒரு பெயர் போதும். புதிதாக எது ஊருக்குள் வந்தாலும் அதை விழுங்கிப் பெயராக்கிவிடும் வயிறு ஷிகோனாவுக்கு அப்போதே இருந்தது. பிறகு வெளிநாட்டார் வந்தபோது அதே வயிறு வேலை செய்தது.

பெயரை வைப்பவர் யார்? மல்லர்கள் தங்கிப் பயிலும் இடத்துக்கு ஹேயா என்று பெயர். சொல்லுக்கு 'அறை' என்பதே பொருள். அதன் தலைவர் ஒயாகாதா. 'ஒயா' என்றால் பெற்றோர். பெயர் வைப்பது பெற்றவர் உரிமை என்பது இங்கே சொல்லிலேயே இருக்கிறது. தந்தை மகனுக்குத் தன் பெயரில் ஒரு துண்டைக் கொடுப்பதுபோல ஒயாகாதா தன் பெயரின் ஒரு குறியைக் கொடுப்பார். ஓஷிமா ஹேயாவின் தலைவராக இருந்தவர் அசாஹிகுனி; உச்சப் பதவிக்கு அடுத்ததான ஓசெகி வரை ஏறியவர். 'அசாஹி' என்றால் காலைச் சூரியன். ஒரே குறியை ஜப்பானியத்தில் இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பதால், சீன ஒலியில் அது 'க்யோகு' ஆகும். 1992இல் அவர் மங்கோலியாவிலிருந்து ஆறு இளைஞர்களைக் கூட்டிவந்தார். அந்தக் குழுவிலிருந்து க்யோகுஷூஸான், க்யோகுதேன்ஹோ, க்யோகுதேன்ஸான் என்ற பெயர்கள் நிலைத்தன. கழுகுமலை, வானப்பெரும்பறவை, வானமலை. முன்னால் நிற்கும் சூரியன் ஒயாகாதாவுடையது. பின்னால் வரும் கழுகும் வானமும் புல்வெளிக்காரர்களுக்குப் பொருத்தமானவை.

அந்த ஆறு பேரின் கதை சுமோவில் எல்லாருக்கும் தெரிந்தது. வந்த சில மாதங்களில், அந்தக் கோடையிலேயே, ஐந்து பேர் ஹேயாவைவிட்டு ஓடி மங்கோலியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். புரியாத மொழி, விடியுமுன் பயிற்சி, மூத்தவர்களின் ஏவல். பேசிச் சமாதானம் செய்து அழைத்துவந்த பிறகும் கடைசிவரை நிலைத்தவர்கள் மூவர். க்யோகுஷூஸான் 1996இல் மகுவுச்சி என்ற மேல் பிரிவில் ஏறிய முதல் மங்கோலியர். க்யோகுதேன்ஹோ 2012இல் முப்பத்தேழு வயதில் கோப்பை வென்றார். மூன்றாமவர் க்யோகுதேன்ஸான் மகுஷிதாவைத் தாண்டவே இல்லை. ஆனால் 2007 வரை இருந்தார். பதினைந்து ஆண்டு. அவரிடம் திரும்ப வருவேன்.

வெளிநாட்டவர் பெயர்களில் எனக்குப் பிடித்தது செந்தோர்யூ. குறிகளைப் படித்தால் 'போர் நாகம்'. வாயால் சொல்லிப் பார்த்தால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். அதை ஜப்பானியர் 'செந்தோ ரூயிசு' என்பார்கள். அந்த நகரத்தில் வளர்ந்த ஹென்றி மில்லருக்கு வைத்த பெயர். ஊர்மலையைப் பெயரில் ஏற்றும் எடோ வழக்கம்தான். மலைக்குப் பதில் ஒரு அமெரிக்க நகரம் போர் நாக வேடத்தில் வருகிறது. 1988இல் சேர்ந்த செந்தோர்யூ மகுவுச்சிக்கு ஏறியது 2000இல். பன்னிரண்டு ஆண்டு, அதில் முதல் ஆறு சம்பளமில்லாத கீழ்ப்பிரிவுகளில்.

எஸ்தோனியாவிலிருந்து வந்தவருக்கு பருதோ. பால்டிக் என்பதன் ஜப்பானிய ஒலி. ஜார்ஜியாக்காரருக்குக் கொக்காய், அதாவது கருங்கடல். இதில் ஒலி விளையாட்டு இல்லை, நேரான பொருள். வட ஒசெத்தியர் அரானுக்கு அந்த மண்ணின் பழம்பெயரான அலானியா. கஸாக்கியர் ஒருவருக்கு 'காற்று, கோடரி, மலை' என்று மூன்று குறி, படித்தால் கஸாஃபுஸான். பல்கேரியரான கொதோஓஷூவின் பெயரில் 'கொதோ' அவருடைய ஹேயாவின் வீட்டெழுத்து, யாழ் போன்ற ஒரு நரம்புக்கருவி. 'ஓஷூ' என்றால் ஐரோப்பா. 2006இல் அவர் அந்த 'ஷூ'வை நீர்க்குறி சேர்ந்த வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார். ஒலியும் அதே, பொருளும் அதே, பக்கத்தில் மூன்று சொட்டுத் தண்ணீர் மட்டும் கூடுதல். எண்கணிதம் பார்த்து பெயரில் எழுத்துக் கூட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம்.

அர்ஜென்டினாவிலிருந்து வந்த இருவரின் பெயர்களைத்தான் விரித்துப் படிக்க வேண்டும். இருவருக்கும் வீட்டெழுத்து 'ஹோஷி', நட்சத்திரம். ஒருவர் ஹோஷிஆன்தெசு: நட்சத்திர ஆண்டிஸ் மலை. 'அமைதி, வெளிவருதல், நீளாயுள்' என்ற குறிகளால் ஆண்டிஸ் எழுதப்பட்டது. மற்றவர் ஹோஷிதாங்கோ: நட்சத்திர டாங்கோ நடனம். மல்லர் பெயருக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு, நம் ஊரில் தந்தை பெயருக்குப் பின் சொந்தப்பெயர் வருவதுபோல. ஹோஷிஆன்தெசுவின் இரண்டாம் பகுதி 'ஹோஸே'. அவருடைய சொந்தப்பெயரே ஹோஸேதான்! 'உலகைக் காப்பவன்' என்று படிக்கும்படி இரண்டு குறி போட்டுவிட்டார்கள். ஹோஷிதாங்கோவுக்கு இரண்டாம் பகுதி 'இமாச்சி'. அவருடைய குடும்பப்பெயர் இமாச். 'மேன்மை, மெய், அறிவு' என்று மூன்று குறிகளுக்குள் அந்த யூதக் குடும்பப்பெயர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பட்டியலைப் படிக்கும் ஜப்பானியருக்கு அது மேன்மையும் அறிவும். புவனோஸ் ஐரெஸில் இருக்கும் உறவினர் காதுக்கு அது வீட்டுப்பெயர். ஹோஷிதாங்கோ சம்பளப் பிரிவைத் தொட்டு, பிறகு இறங்கி, கீழேயே நெடுங்காலம் ஆடினார்.

இப்போது, இந்தப் பெயர்களில் ஒளிந்திருக்கும் ஒரு முரணுக்கு வருகிறேன். கட்டுரை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஜப்பானியப் பையன் ஒருவன் ஹேயாவில் சேர்ந்தால் பல இடங்களில் அவனுக்கு உடனே ஷிகோனா கிடைக்காது. தன் குடும்பப்பெயரிலேயே ஆடுவான். ஹகிவாரா என்ற பெயரில் கீழிருந்து ஏறிய பையனுக்கு, 2004இல் மேல் பிரிவை எட்டிய பிறகுதான் கிசெனோசாதோ என்ற பெயர் வந்தது. பின்னாளில் யோகோசுனா என்ற உச்சப் பதவியை எட்டியவர் அவர். பெயர் அங்கே ஒரு விருது. பல்லைக் கடித்து ஏறினால் கிடைப்பது. சிலர் கடைசிவரை வாங்கிக்கொள்வதே இல்லை; தகயாசு தன் குடும்பப்பெயரோடேயே ஓசெகி ஆனார்.

வெளிநாட்டுப் பையனுக்கு அப்படி இல்லை. அவன் சொந்தப்பெயரைப் பட்டியலின் தூரிகை எழுத்தில் ஏற்ற முடியாது. வந்த வேகத்தில் அவனுக்கு ஒரு முழு ஷிகோனா தயார். ஹவாயின் ஜெஸ்ஸி குஹாலுவா 1964 மார்ச்சில் முதன்முதலாகக் கோதாவில் இறங்கியபோது 'ஜெஸ்ஸி' என்றே இறங்கினார். அது பட்டியலில் ஏறாத புதியவர்களின் போட்டி. அடுத்த போட்டியில் பட்டியலில் ஏற வேண்டும் என்றதும் தகாமியாமா ஆகிவிட்டார். தகாமியாமா எளிய பெயரும் அல்ல. அதே தகாசாகோ ஹேயாவின் ஒரு பழைய தகாமியாமா, 1909இல் முறைப்படி சாம்பியன் பட்டம் தொடங்கியபோது அதை முதலில் வென்றவர். அந்தப் பெயரைத் தூக்கி, ஒரு சொல் ஜப்பானியம் தெரியாத பத்தொன்பது வயதுப் பையன் தலையில் வைத்தார்கள். அவர் அதற்கு நியாயம் செய்தார்: 1972இல் கோப்பை வென்ற முதல் வெளிநாட்டவர் ஆனார். எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். வெளிநாட்டு மல்லனுக்கு மணி வந்துவிடுகிறது. யானை வருமா என்பது பல ஆண்டு தெரியாது. பலருக்கு வராமலே போகும். அவர்கள் வாழ்வது இந்த இடைவெளியில்.

இடைவெளி எவ்வளவு என்று பார்க்க ஒரு பான்ஸுகே தாளைக் கையில் எடுத்தால் போதும். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் வரும் தரவரிசைப் பட்டியல் அது. கோதாவில் தீர்ப்புச் சொல்லும் நடுவர்களே பெரிய தாளில் தூரிகையால் எழுதி, சுருக்கி அச்சிடுகிறார்கள். கோடுகளுக்கு நடுவே வெள்ளை தெரியாமல் அடைத்து எழுதுவார்கள். அரங்கிலும் அப்படியே இடைவெளியில்லாமல் கூட்டம் நிறைய வேண்டும் என்ற வேண்டுதல். ஐந்து வரிசை. மேல் வரிசையில் மகுவுச்சி, கட்டைவிரல் தடிமனில். இரண்டாம் வரிசையில் ஜூர்யோவும் மகுஷிதாவும் சேர்ந்தே இருக்கும். ஆனால் ஜூர்யோ பெயர்கள் தடித்த கோடு. அவை முடிந்ததும் அதே வரிசையில் கோடு சட்டென்று மெலிகிறது. சம்பளத்துக்கும் சம்பளமின்மைக்கும் உள்ள எல்லையைத் தூரிகை இப்படிக் காட்டுகிறது. மூன்றாம், நான்காம் வரிசைகளில் சாந்தான்மே, ஜோனிதான். ஐந்தாவது ஜோனோகுச்சி, தலைமுடிக் கோடுகள். அந்த வரிசை மல்லர்களுக்கு 'முஷிமெகானே' என்று கேலிப்பெயர். நேர்ப்பொருள் பூச்சிக்கண்ணாடி, அதாவது பூதக்கண்ணாடி வைத்தால்தான் பெயர் தெரியும். 'போர் நாகம்', 'வானமலை' எல்லாம் முடியளவு கோட்டில்! பெயருக்கு மேலே பொடியாகச் சொந்த ஊர் எழுதியிருக்கும். வெளிநாட்டவர்களுக்கு நாட்டின் பெயர்.

தாளைவிட்டு ரியோகோகுவில் உள்ள கொகுகிகான் அரங்குக்கு வருவோம். காலை எட்டரை, ஒன்பது. பதினோராயிரம் பேர் உட்காரும் இடத்தில் சில டஜன் தலைகள். சதுர மெத்தைகள் ஆள் இல்லாமல் அடுக்கடுக்காக மேலேறிப் போகின்றன. யோபிதாஷி என்ற பெயர்கூவுபவர் வெள்ளை விசிறியை விரித்து, திசை பார்த்து, ராகம் இழுத்து ஒரு பெயரைக் கூவுகிறார். காலியாக இருப்பதால் குரல் கூரையைத் தொட்டுத் திரும்பி வருகிறது. ஒரே முறைதான். மேலே ஒருமுறைக்கு மேல் கூவுவதும் உண்டு.  காலை மல்லர்களுக்கு உப்பு எறியும் சடங்கு கிடையாது, வாய் கொப்புளிக்கும் தண்ணீர் கிடையாது. கறுப்புப் பருத்திக் கச்சை. ஏறு, குனி, மோது, இறங்கு. சில நொடி. பதினெட்டு ஆண்டுப் பெயருக்கு அன்றைய செலவு அவ்வளவுதான். அடுத்த பெயர்.

பெயருக்கு வேறு அணிகலன்களும் உண்டு. எல்லாம் ஜூர்யோவை எட்டினால்தான். அந்த நிலைக்கு மேலுள்ளவர்களைச் 'செகிதோரி' என்பார்கள். 'செகி' என்றால் காவல்வாயில், வாயிலைக் கைப்பற்றியவன். எட்டியவரின் பெயரோடு 'ஸெகி' சேர்த்து அழைப்பது மரியாதை. எட்டாதவருக்கு அந்த ஒட்டு இல்லை. செகிதோரிக்கு அகேனி என்ற பெட்டி உண்டு: மூங்கில் பின்னி, காகிதம் ஒட்டி, அரக்குப் பூசி, பச்சை உடம்பில் சிவப்பாகப் பெயர் எழுதியது. அதைத் தூக்கிக்கொண்டு போவது அவருக்கு ஏவல் செய்யும் கீழ்மல்லர்கள். மேல் பிரிவு மல்லர்கள் தங்கள் பெயரை அச்சிட்ட துணிச்சுருள் தயாரித்து, கோடையில் மற்ற மல்லர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும் கொடுப்பார்கள். கீழ்மல்லர்கள் அதைத் தைத்து யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியாக உடுத்திக்கொள்வார்கள். ஆக, 'அரோரா' என்ற பெயருடையவன் வேறொருவன் பெயர் எழுதிய பெட்டியைத் தூக்கி, வேறொருவன் பெயர் அச்சிட்ட துணியை உடுத்தி, ரியோகோகு தெருவில் நடக்கிறான். கடைசி இரண்டு பிரிவுகளில் இருந்தால், பனிக்காலத்திலும் அந்த ஒற்றை யுகாதாவும் காலில் மரச்செருப்பும்தான். தோல் பதித்த செருப்பு போடவே சாந்தான்மே ஆக வேண்டும்.

பணக்கணக்கு இன்னும் கூர்மையானது. 2019இல் வந்த விகிதப்படி மகுஷிதா மல்லருக்குப் போட்டிக்கு ஒருமுறை 1,65,000 யென் படித்தொகை. ஆண்டுக்கு ஆறு போட்டி, ஆக 9,90,000. ஜூர்யோவில் மாதச் சம்பளம் 11,00,000 யென். ஓராண்டுப் படி ஒரு மாதச் சம்பளத்தை எட்டவில்லை. ஜோனோகுச்சியில் போட்டிக்கு 77,000 யென். சாப்பாடும் படுக்கையும் ஹேயாவில் இலவசம் என்பது மட்டும் உறுதி.

இவ்வளவும் தெரிந்தும் இருப்பதற்குச் சில கணக்குகள் இருக்கின்றன. முதலாவது, போனால் திரும்ப முடியாது. விலகல் கடிதம் ஏற்கப்பட்ட மல்லர் மீண்டும் சேரும் வழி சுமோவில் இல்லை. இரண்டாவது, 2002 முதல் ஒரு ஹேயாவுக்கு ஒரே வெளிநாட்டவர். 2010இல், குடியுரிமை மாற்றிக்கொண்டவரையும் பிறந்த நாட்டை வைத்து வெளிநாட்டவராகவே எண்ணுவதாக அதை இறுக்கினார்கள். பல ஊர்களில் பலர் காத்திருக்க, ஓர் இடம் இவர் காலடியில். மூன்றாவது, ஒயாகாதா அவரை அனுப்ப அவசரப்பட மாட்டார். மகுஷிதாவும் அதற்குக் கீழும் உள்ள ஒவ்வொரு மல்லர் பேரிலும் சுமோ சங்கம் ஹேயாவுக்கு வளர்ப்புத்தொகை தருகிறது. தோற்கும் மல்லரும் வீட்டுக்கு வரவுதான். சாங்கோ என்னும் கொதிகுழம்பு அண்டாவைப் பக்குவம் தவறாமல் இறக்கத் தெரிந்த மூத்த கீழ்மல்லர் இல்லாத ஹேயாவில் காலை பதினொரு மணிக்குக் கலவரம் வரும்.

க்யோகுதேன்ஸானை நினைப்பது இங்கேதான். 1992இல் அவர்கள் வந்தபோது முன்னால் போய் வழிகாட்ட ஒரு மங்கோலியரும் இல்லை. பத்தாண்டு கழித்து வந்த பையன்களுக்கு, காலணி எங்கே கழற்றுவது, மூத்தவர் குளித்த பிறகுதான் குளிப்பது, எந்த அதட்டல் நிஜம், எது வழக்கம் என்று தாய்மொழியில் சொல்ல ஓர் அண்ணன் இருந்தார். தரவரிசையில் அதற்கு எண் கிடையாது. தூதரகத்துக்கு ஓடும் பாதையை முன்னாலேயே பார்த்திருந்த குழுவைச் சேர்ந்தவர் அவர்.

நம்பிக்கைக் கணக்கும் ஒன்று உண்டு. அதுதான் ஆபத்தானது. கீழ்ப்பிரிவு மல்லருக்குப் போட்டிக்கு ஏழே ஆட்டம். நான்கில் வென்றால் ஏற்றம். மகுஷிதாவின் முதல் பதினைந்து இடங்களுக்குள் இருந்து ஏழையும் வென்றால் ஜூர்யோ. இன்னும் ஒரு நல்ல மாதம், இன்னும் ஒன்று. முழங்கால் கெட்ட மங்கோலியர் தெருனோஃபுஜி, ஓசெகி பதவியிலிருந்து சரிந்து 2019 மார்ச்சில் ஜோனிதான் 48ஆம் இடத்தில் வந்து நின்றார். பட்டியலில் மேல் வரிசையில் தடித்துக் கிடந்த பெயர் நான்காம் வரிசையில் மெலிந்தது. விலகுகிறேன் என்று பலமுறை கேட்டும் ஒயாகாதா விடவில்லை. 2021இல் அவர் யோகோசுனா. இந்தக் கதையைக் கேட்டு இன்னும் மூன்றாண்டு இருந்துவிடலாம் என்று நினைத்த கீழ்மல்லர்கள் நிச்சயம் இருப்பார்கள். தெருனோஃபுஜி ஏற்கெனவே ஓசெகியாக இருந்தவர் என்பதைத்தான் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இத்தனை கணக்குக்கும் அடியில் எனக்குப் பெயரின் கணக்குத் தெரிகிறது. மேலே போனவர்களுக்கு ஷிகோனா உடம்போடு ஒட்டிவிடும். ஹவாயின் சாட் ரோவன் ஜப்பானியக் குடியுரிமை பெற்றபோது சட்டப்படியே அகெபோனோ தாரோ ஆனார்; முசாஷிமாருவும் அப்படியே. க்யோகுதேன்ஹோ தன் ஒயாகாதாவின் குடும்பப்பெயரான ஓதாவை ஏற்றுக்கொண்டார். குடியுரிமையும் பதவிக்காலமும் இருந்தால் ஓய்வுக்குப் பின் சங்கத்திலேயே மூப்பராக இருக்கலாம். மகுஷிதாவோடு நின்றவருக்கு அந்தக் கதவு இல்லை. அவருடைய ஷிகோனா கோதாவில் இருக்கும்வரைதான். கொண்டையை அறுக்கும் சடங்கும் கொகுகிகானில் நடக்காது. ஹேயாவிலோ, விடுதி மண்டபம் ஒன்றிலோ, தெரிந்தவர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு சிறு வெட்டு. கடைசி வெட்டு ஒயாகாதாவுடையது. பெயர் வைத்த கையே.

வயது முப்பத்தைந்தில் ஒருவர் வாழ்க்கையின் பாதிக்கு மேல் ஓரோராவாக இருந்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரருக்கு அவர் ஓரோரா. ஹேயாவின் இளையவர்களுக்கு ஓரோரா அண்ணன். அவருக்குப் பெயர் வைத்த ஹேயாவின் தலைவர், முன்னாள் யோகோசுனா கிதானோஉமி 2015இல் இறந்தார். ஹேயா கைமாறி யாமாஹிபிகி என்று புதுப்பெயர் பூண்டது. வீட்டின் பெயர்கூட மாறிவிட்டது, அவருடையது மாறவில்லை. இன்னும் மூன்றாண்டு யோபிதாஷி அதைக் காலை நேரத்தில் ஒருமுறை கூவிக்கொண்டிருந்தார்.

ஒருவர் விலகினால் அடுத்து வரும் பான்ஸுகேயில் அவர் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மேலும் கீழுமாகப் பெயர்கள் நகர்ந்துவிட்டிருக்கும். நடுவர் தூரிகையை மையில் தோய்த்து, மெலிந்த கோடுகளை நெருக்கி நெருக்கி எழுதி முடித்திருப்பார், வெள்ளை தெரியாமல்.